ஈரத்துக்குக் கழிவு

மூட்டைக்கு இரண்டு கிலோ
ஈரத்துக்குக் கழித்துவிடுவேன்.
மழை நாளில் மூன்று.
இலைக் கொட்டகையில் பதினாறு வருஷமாக
நிறுப்பது, கழிப்பது, சீட்டில் எழுதுவது.

அந்த மார்கழியில் பஞ்சாயத்துத் தேர்தல்.
உறைபனி கொழுந்தைக் கருக்கியிருந்தது.
கோத்தகிரி லாரி வரும்வரை
மூட்டைகள்மேல் உட்கார்ந்து
வேட்பாளர்களை நிறுத்துக்கொண்டிருப்போம்.

எங்கள் வார்டுக்கு இரண்டே பேர்.
போஜன், மேல் ஹட்டிக்காரர்.
கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசிமணி,
அந்தப் பனியிலும் வெறுங்காலோடு ஓட்டுக் கேட்டார்.
சலோமி, லைனில் தையல் மிஷின் வைத்திருப்பவள்.
பொட்டில்லாத நெற்றி, காதில் ஒன்றுமில்லை,
ஞாயிறு காலை தகரக் கூடத்தில்
கைதட்டிப் பாடுகிறவள்.

அவள் வந்த சாயங்காலம்
நான்தான் கேட்டேன்.
வேறு யாரையும் இதில் இழுக்க மாட்டேன்.
தராசுக் கொக்கியைப் பிடித்தபடி,
நாலு பேர் சிரிக்கட்டும் என்று உரக்க:
"மாரியம்மன் கோயில் சோறு சாப்பிடுவியா?
சாப்பிடாதவ எங்களுக்கு என்ன செய்வே?"

சிரித்தார்கள்.
சிரிப்பு அடங்கும்வரை நின்றாள்.
"சாப்பிட மாட்டேண்ணா.
படைக்கறதுக்கு முந்தி அரிசி களைஞ்சு தருவேன்.
போன திருவிழாவுல அம்மனுக்குக் கட்டின சேலைக்கு
ஓரம் அடிச்சது யாருன்னு நினைச்சீங்க?
படைச்சதைத் தின்ன மாட்டேன்.
அது எனக்கும் என் தேவனுக்கும் உள்ள பேச்சு.
மறைச்சு ஓட்டு வாங்க வரலை.
வேற கேளுங்க. லைட்டு கேளுங்க."

லைட் கேட்டிருக்க வேண்டும்தான்.
அதற்கு முந்தின வாரம் கரடி
கோயில் கதவைப் பிளந்து
விளக்கில் இருந்ததைக் குடித்துப் போயிருந்தது.
இரண்டு ராத்திரி கழித்து
ஜெபக் கூடத்துத் தகரத்தைக் கிழித்தது.
அங்கே எண்ணெய் இல்லை,
பிள்ளைகளுக்கு வைத்த கேக் இருந்தது.
கரடிக்கு மதம் கிடையாது என்று யாரோ சொல்ல
எல்லோரும் தலையாட்டினார்கள்.
எனக்கு அது ஒட்டவில்லை.
கரடிக்கு ஓட்டும்தான் கிடையாது.
மனுஷருக்கு இரண்டும் இருக்கிறது,
அதனால்தான் பேசவேண்டியிருக்கிறது.

கம்பளிக்குள் படுத்தபோது
அவள் பதிலை விட
என் கேள்விதான் குடைந்தது.
போஜன் வந்த அன்று என்ன கேட்டேன்?
சாமி சரணம் என்றேன்.
இஞ்சி போட்டு ஒரு டீ சொன்னேன்.
அவர் நம்பிக்கை என் வீட்டுச் சுவரின் நிறத்தில் இருந்தது,
கண்ணில் படவே இல்லை.

மறுபடி வந்தார்.
செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்டேன்,
வெறுங்காலோடு நிற்பவரிடம் வேறெப்படிக் கேட்பது.
"சாமி, தப்பா எடுத்துக்காதீங்க.
மாலை போட்டதுலேருந்து
எங்க எல்லாரையும் சாமின்னுதான் கூப்பிடறீங்க.
லைன்ல ஒரு சாமி செத்தா
சுடுகாட்டுக்கு ரெண்டு மைல் சுத்தித் தூக்கறோம்.
உங்க தோட்டத்து வேலியோரம் வழி விட்டா பத்து நிமிஷம்.
ஐயப்பன் இதுக்கு என்ன சொல்லுவார்?"

கோபம் அவர் முகத்தில் ஏறியது,
பாதியில் நின்று இறங்கியது.
மணியை விரலில் உருட்டினார்.
"எல்லாரும் இந்த மாலையைக் கும்பிட்டிருக்காங்க.
ஒருத்தரும் இதுகிட்ட எதையும் கேட்டதில்லை."
தையில் மலைக்குப் போய்வந்து சொல்கிறேன் என்றார்.
ஓட்டு அதற்கு முன்பே.

வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்க
சலோமி வந்தாள், ஓட்டுக் கேட்க இல்லை,
அம்மாவின் குத்தகை இலையை நிறுக்க.
பதினெட்டரை. சீட்டில் பதினாறரை எழுதினேன்.
"அன்னிக்கு நான் கேட்டது
கேள்வியே இல்லம்மா" என்றேன்.
"தெரியும்ணா" என்றாள்.
சீட்டைத் திருப்பிப் பார்த்தாள்.
மூட்டைக்குள் கைவிட்டு
ஒரு பிடி இலையை எடுத்து
என் உள்ளங்கையில் வைத்தாள்.
பனியில் வெந்து, மொரமொரவென்று, சருகாக.

"நான் ஒண்ணு கேக்கலாமா?
மழையே இல்லாத நாள்லயும்
எதுக்குண்ணா ரெண்டு கிலோ?"